திருமழபாடிப் புத்தகம்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரக் கட்டடங்களும் தமிழ்க் கோயிலாய்வின் எல்லைகளும்

ஆய்வுச்சுருக்கம்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பழங்கட்டடங்களைப் பற்றித் தமிழில் நிகழ்ந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் கல்வெட்டு, சிற்பம், தலவரலாறு ஆகியவற்றைச் சார்ந்தவை. கட்டடத்தின் உடல், அதன் பழுது, அது கண்ட பழுதுபார்ப்புகள் ஆகியவை ஆய்வுப்பொருளாகவில்லை. இப்போக்கின் வேரையும் விளைவையும் இக்கட்டுரை விமர்சன நோக்கில் ஆராய்கிறது. மரபுக் கட்டடப் பாதுகாப்பு ஒரு கல்விப் பணியாகத் தமிழ்ப் பல்கலைக்கழகச் சூழலில் ஏன் வேர்கொள்ளவில்லை என்ற வினாவையும் அது எழுப்புகிறது.

திறவுச்சொற்கள்: திருப்பணி, மரபுக் கட்டடப் பாதுகாப்பு, திருமழபாடி, கங்கைகொண்ட சோழபுரம், பழுவூர், பதிப்பியல், சுண்ணாம்புக் காரை

1. ஓர் ஆணையும் அதன் முன்னுரிமையும்

கொள்ளிடத்தின் வடகரையில் அரியலூர் மாவட்டத்தில் உள்ள திருமழபாடி வைத்தியநாதசுவாமி கோயிலின் கல்வெட்டு ஒன்று, கட்டடப் பாதுகாப்பு வரலாற்றில் பெறவேண்டிய இடத்தை இன்னும் பெறவில்லை. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1012-13ஆம் ஆண்டளவில், இக்கோயிலின் நடுவிமானத்தைப் பிரித்து மீண்டும் கட்டுமாறு ஆணையிட்டான். பிரிப்பதற்குமுன் சுவர்களில் இருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவ்வாணையின் பகுதி. பணி முடிந்து, இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அப்புத்தகத்திலிருந்து கல்வெட்டுகள் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பெற்றன. ஏறத்தாழ 13 ஆண்டுகள் அவ்வெழுத்துகள் கல்லில் இல்லை. ஏட்டில் மட்டுமே இருந்தன.

இச்செய்தியைச் சோழர் நிருவாகத் திறமைக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவது வரலாற்று நூல்களின் வழக்கம். அது சரியே. பிரிக்குமுன் பதிவு செய்க என்ற நெறி, 1964ஆம் ஆண்டின் வெனிசு சாசனம் தன் இறுதிப் பிரிவில் வற்புறுத்தும் நெறியாகும். எப்பணிக்கும் வரைபடத்துடனும் ஒளிப்படத்துடனும் கூடிய ஆவணம் வேண்டும் என்றும், அதனைப் பொது நிறுவனம் ஒன்றின் காப்பகத்தில் வைத்தல் வேண்டும் என்றும் அப்பிரிவு கூறும். ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முன்பே அந்நெறியின் ஒரு பகுதி மழநாட்டில் நடைமுறையில் இருந்தது எனப் பெருமை கொள்ளலாம்.

ஒரு பகுதி என்று கூறுவதற்குக் காரணம் உண்டு. ஆணை காக்கச் சொன்னது எழுத்தை மட்டுமே. பிரிக்கப்பெற்ற விமானம் எத்தனை தளம் கொண்டது, அதன் அதிட்டானம் பாதபந்த வகையா, சிகரம் வட்டமா எண்கோணமா என்பவற்றை அறிய இன்று நமக்கு வழியில்லை. கல்வெட்டு இருந்தமையால், அதன் ஒரு பகுதியேனும் கல்லாலானது என்று ஊகிக்கலாம், அவ்வளவே. எழுத்து, கொடையின் சட்ட ஆவணம். நிலமும் பொன்னும் விளக்கும் யாருக்குரியவை என்பதை அது நிலைநாட்டியது. கட்டடத்தின் வடிவத்திற்கு அத்தகைய சட்டப் பயன் இல்லை. ஆகவே எழுத்து பிழைத்தது, வடிவம் பிழைக்கவில்லை. செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவில் செங்கற்றளியைக் கற்றளியாக மாற்றியபோதும் பழைய கல்வெட்டுகள் மீண்டும் வெட்டப்பெற்றன; பழைய தளியின் உருவம் நமக்குக் கிட்டவில்லை. அரியலூர் மாவட்டத்துக் கோவிந்தபுத்தூரில், உத்தம சோழன் காலத்தில் அம்பலவன் பழுவூர் நக்கன் எடுப்பித்த திருவிசயமங்கைக் கற்றளியின் நிலையும் இதுவே. எடுப்பித்தவர் பெயரைக் கல்வெட்டு சொல்கிறது. அதற்கு முன் அங்கு நின்றது எத்தகையது என்பதைச் சொல்வதில்லை.

சோழ அரசனைக் குறைகூறுவது இங்கு நோக்கமன்று. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஓர் அரசு தன் தேவைக்கேற்ப வகுத்த முன்னுரிமையை இன்றைய தமிழ்க் கோயிலாய்வு அப்படியே தன் முன்னுரிமையாகக் கொண்டிருப்பதே இங்கு விமர்சனத்திற்குரியது.

2. ‘ஓர் ஆய்வு’ என்னும் சட்டகம்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகளிலும் வரலாற்றுத்துறைகளிலும் கோயில் பற்றிய ஆய்வேடுகளுக்கு ஒரு சட்டகம் நிலைபெற்றுள்ளது. ஊர் அமைவிடம், தலவரலாறு, இலக்கியக் குறிப்புகள், கல்வெட்டுச் செய்திகள், சிற்பங்கள், வழிபாடும் விழாக்களும் என இயல்கள் அமையும். இடையே ‘கட்டடக்கலை’ என ஓர் இயல் இருக்கும். அவ்வியலில் உபானம், சகதி, குமுதம், கண்டம், பட்டிகை எனத் தொடங்கி, தூபி வரை உறுப்புகளின் பெயர்கள் வரிசையாகத் தரப்பெறும். நிலைப்படம் ஒன்று இருக்கலாம். அது பெரும்பாலும் முன்னைய நூலொன்றிலிருந்து பெற்றதாயிருக்கும்.

இவ்வியலைப் படிப்பவருக்குக் கட்டடம் ஒரே நாளில் முடிந்து, அன்று முதல் அப்படியே நிற்பதுபோலத் தோன்றும். சுவரில் விரிசல் உண்டா, மழைநீர் எங்கே வடிகிறது, எத்தனை முறை தளம் உயர்த்தப்பட்டது, குமுதத்திற்குக் கீழே இருந்த உறுப்புகள் எப்போது தரைக்குள் மறைந்தன, எந்தத் தூண் பின்னர் வைத்தது என்ற வினாக்கள் அங்கு எழுவதில்லை. உறுப்புகளுக்கு வளமான கலைச்சொல் நம்மிடம் இருக்கிறது, பழுதுக்கு இல்லை. கற்றச்சரும் கொத்தனாரும் புழங்கும் சொற்களை ஆய்வேடுகள் ஏற்றுக்கொண்டதும் இல்லை.

இச்சட்டகத்தின் விளைவை இவ்வட்டாரத்தின் இரு கட்டடங்கள் காட்டும். அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சி, வீரமாமுனிவர் பணியாற்றிய ஊர். அவர் அதற்கிட்ட திருக்காவலூர் என்ற பெயரும், அங்குள்ள அடைக்கல மாதாவின்மேல் பாடிய திருக்காவலூர்க் கலம்பகமும் தமிழ் மாணவர் அறிந்தவை. கலம்பகத்தின் உறுப்புகளை எண்ணிய ஆய்வுகள் உண்டு. அவ்வூர்த் தேவாலயத்தில் 18ஆம் நூற்றாண்டுக்குரியது எது, பின்னர் சேர்ந்தது எது என்று பிரித்தறிய முயன்ற தமிழாய்வு எதுவும் என் பார்வைக்கு வரவில்லை. இலக்கியம் உள்ள இடத்திலேயே நிலைமை இதுவென்றால், இலக்கியம் இல்லாத இடத்தைப் பற்றிக் கூற வேண்டியதில்லை. பெரம்பலூர் மாவட்டத்து ரஞ்சன்குடிக் கோட்டை, கர்நாடக நவாபின் ஆளுகையில் 17ஆம் நூற்றாண்டில் உருவானது. அகழியும் அரைவட்டக் கொத்தளங்களும் அடுக்கடுக்காக உயரும் மதில்களும் கொண்ட கற்கோட்டை அது. 1751இல் வாலிகண்டபுரத்தை ஒட்டி நடந்த போரில் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒருபுறமும், முகமது அலியும் ஆங்கிலேயரும் மறுபுறமும் நின்றனர். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இக்கோட்டையில் மெய்க்கீர்த்தி இல்லை. தேவாரப் பாடல் இல்லை. நம் சட்டகத்தின் இயல்களில் பாதிக்கு மேல் இங்கு வெற்றிடமாகும். எனவே அது ஆய்வுப்பொருளாவதில்லை.

3. நான்கு பார்வைகள்

சட்டகத்திற்கு வெளியே நின்றவர்களும் உண்டு. இவ்வட்டாரத்தைப் பொறுத்தவரை நால்வரின் பணிகளை ஒப்பிடுவது பயனுடையது. அவர்களுள் எவரும் தமிழ்த்துறைப் பேராசிரியர் அல்லர் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

எஸ். ஆர். பாலசுப்பிரமணியம் பள்ளித் தலைமையாசிரியராகப் பணியாற்றியவர். முற்காலச் சோழர், இடைக்காலச் சோழர், பிற்காலச் சோழர் கோயில்கள் என 1960களிலும் 1970களிலும் அவர் வெளியிட்ட தொகுதிகள், சோழர் கோயில்களைக் கால வரிசையில் நிறுத்தின. கல்வெட்டே அவருக்கு அளவுகோல். எந்தக் கோயிலில் எந்த அரசனின் முதற்கல்வெட்டு உள்ளதோ அதைக்கொண்டு கட்டடத்தின் காலத்தை அவர் கணித்தார். பின்னோர் அனைவரும் நிற்பது அவர் தோளின்மேல்தான். ஆயினும் திருமழபாடி எடுத்துக்காட்டு அம்முறையின் எல்லையைக் காட்டிவிடுகிறது. அங்குச் சுவரிலுள்ள பழைய அரசர்களின் கல்வெட்டுகள் சுவரைவிட மூத்தவை. மீண்டும் வெட்டியதைச் சொல்லும் குறிப்பு தப்பிப் பிழைத்ததால் நாம் ஏமாறவில்லை. அத்தகைய குறிப்பு இல்லாத கோயில்களில் என்ன செய்வது? கற்களின் இணைப்பையும் உளியின் தடத்தையும் எழுத்தின் அமைதியையும் ஒருங்கே நோக்கும் கண்ணே அங்குத் துணை.

அக்கண்ணுக்கு மிக அருகில் வருபவர் இரா. கலைக்கோவன். தொழிலால் கண் மருத்துவர். திருச்சிராப்பள்ளியில் டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையத்தை நடத்துபவர். அவருடைய ‘பழுவூர்ப் புதையல்கள்’ பழுவேட்டரையர் ஊர்களான மேலப்பழுவூர், கீழப்பழுவூர், கீழையூர்க் கோயில்களைக் களத்தில் நின்று ஆராய்ந்த நூல். கீழையூரின் அவனி கந்தர்ப்ப ஈசுவரகிருகத்தின் வடவாயில், தென்வாயில் திருக்கோயில்கள் இரண்டையும் உறுப்பு உறுப்பாக அது நோக்குகிறது. கட்டட உறுப்புகளைத் தூய தமிழ்ச் சொற்களால் துல்லியமாக விவரிக்கும் ஒரு நடையையே அம்மையத்தின் வெளியீடுகள் உருவாக்கின. தமிழில் கட்டட விவரிப்புக்கு அதைவிட நல்ல முன்மாதிரி இல்லை. ஆனால் அங்கும் கட்டடம் கலைப்படைப்பாக நோக்கப்படுகிறது. பழுதுறும் பொருளாக நோக்கப்படுவது அரிது.

மூன்றாமவர் இரா. நாகசாமி. சமற்கிருதம் பயின்று, சென்னை அருங்காட்சியகத்தில் பணிபுரிந்து, 1966 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறையை வழிநடத்தியவர். கங்கைகொண்ட சோழபுரம் பற்றிய அவர் நூல் 1970இல் வெளிவந்தது. மாளிகைமேட்டில் 1980களில் அத்துறை நடத்திய அகழாய்வுகள் செங்கற்சுவர்களையும் கூரை ஓடுகளையும் இரும்பு ஆணிகளையும் சீனப் பீங்கான் துண்டுகளையும் வெளிப்படுத்தின. கோயில் மட்டுமே கட்டடம் என்ற எண்ணத்தை இவ்வகழாய்வு அசைத்தது. சோழ அரசன் வாழ்ந்த மனையின் கூரை ஓட்டால் ஆனது என்ற செய்தி, பாடப்புத்தகச் சோழர்களை நமக்குச் சற்று அருகில் கொண்டுவருகிறது.

நான்காவது ஒரு குழு. பியர் பிசார், பிரான்சுவாஸ் லெர்னோ, பிரான்சுவாஸ் பூதிஞோன், எல். தியாகராஜன் ஆகியோர் 1994இல் பிரெஞ்சுத் தூரகிழக்கு ஆய்வுப்பள்ளி வாயிலாக வெளியிட்ட கங்கைகொண்ட சோழபுரம் பற்றிய நூல், ‘தஞ்சைக்கு இருபதாண்டுகள் பின்’ எனப் பொருள்படும் தலைப்புடையது. பிசார் கட்டடக்கலைஞர். 1975 நிலநடுக்கத்தால் சிதைந்த பர்மாவின் பாகன் நகரத்தில் யுனெஸ்கோவுக்காகப் பணியாற்றி, அங்குள்ள கட்டடங்களின் பட்டியலை எட்டுத் தொகுதிகளாகத் தந்தவர். தஞ்சைப் பெரிய கோயிலின் கட்டட அமைப்பைப் பற்றிய அவரது தனிநூல் 1995இல் வந்தது. ஆய்வும் பாதுகாப்பும் ஒரே மனிதரின் இரு கைகளாக இயங்கிய வாழ்க்கை அது. அவர் அளந்து வரைந்த வெட்டுமுகங்கள், விமானத்தின் உள்ளீட்டை, அதாவது வெளியிலிருந்து காணமுடியாத வெற்றிடத்தையும் சுவர்த் தடிமனையும் காட்டுகின்றன. நூல் பிரெஞ்சில் உள்ளது. வரைபடத்திற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. எனினும் தமிழ்க் கோயிலாய்வில் அவ்வரைபடங்களின் பயன்பாட்டைக் காண்பது அரிது.

இதன் விலையை ஓர் எளிய செய்தியில் காணலாம். கங்கைகொண்ட சோழபுர விமானத்தின் உயரம் என்ன? உலகப் பாரம்பரியப் பட்டியலுக்கான யுனெஸ்கோ குறிப்பு 53 மீட்டர் என்கிறது. தமிழ் நூல்களிலும் கையேடுகளிலும் 160 அடி என்ற எண்ணும் 182 அடி என்ற எண்ணும் மாறிமாறி வருகின்றன. முன்னது 49 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பின்னது 55 மீட்டரைத் தாண்டும். இடைவெளி 22 அடி. எங்கிருந்து எதுவரை அளந்தது, தூபியைச் சேர்த்ததா நீக்கியதா, எந்தக் கருவியால் அளந்தது என்று எவரும் சொல்வதில்லை. ஒரு செய்யுளின் பாட வேறுபாட்டுக்குப் பக்கம் பக்கமாக வாதிடும் ஒரு கல்வி மரபு, 22 அடி வேறுபாட்டை அமைதியாக ஏற்றுக்கொள்கிறது.

அளவு இல்லாத இடத்தை உருவகம் நிரப்புகிறது. தஞ்சை விமானத்தைவிட இது தாழ்ந்திருப்பது மகன் தந்தைக்குச் செய்த மரியாதை என்பர். தஞ்சை ஆண்மையின் கம்பீரம், இது பெண்மையின் நளினம் என்பர். இவை கேட்க இனியவை. தஞ்சை விமானம் நேர்கோட்டில் கூம்பி எழ, இங்குக் கோடு உட்குழிந்து வளைவது ஏன், அவ்வளைவு சுமையை எவ்வாறு பங்கிடுகிறது, இருபது ஆண்டு இடைவெளியில் அதே மரபுக் கற்றச்சர்கள் எதை மாற்ற எண்ணினர் என்ற வினாக்களை இவ்வுருவகங்கள் கேட்பதற்குள்ளேயே மூடிவிடுகின்றன.

4. கல்லும் சுண்ணாம்பும்

இவ்வட்டாரத்துக் கட்டடங்களின் வரலாற்றை மண்ணிலிருந்து தொடங்க வேண்டும். அரியலூர் மாவட்டத்தின் பெரும்பகுதி பழங்காலக் கடலின் படிவு. கிரெட்டேசியக் காலக் கடலுயிரிகளின் புதைபடிவங்கள் இங்குள்ள சுரங்கங்களில் கிடைக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் அக்காலத்துக் கல்மரம் கிடக்கிறது. படிவுப் பாறை நிலத்தில் கோயிலுக்குரிய கருங்கல் கிட்டாது. கங்கைகொண்ட சோழபுரத்தின் ஒவ்வொரு கல்லும் வெளியிலிருந்து வந்தது. ஆகையால் இங்குக் கல் என்பது சேமிப்பு. ஒருமுறை கொண்டுவந்தால் பலமுறை பயன்படும் செல்வம்.

அச்செல்வத்தை நவீன அரசும் அறிந்திருந்தது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பெற்றபோது கங்கைகொண்ட சோழபுரக் கோயிலின் திருச்சுற்று மதிலும் பிற பகுதிகளும் கல்லுக்காகப் பிரிக்கப்பட்டன. 1855இல் அச்சான ஒரு குறிப்பு இதனைக் கடுமையாகக் கண்டிக்கிறது: ஊர் மக்கள் தடுக்க முயன்றனர்; அதற்காகத் தண்டிக்கப்பட்டனர்; கல்மதிலுக்கு மாற்றாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகத் தந்த வாக்கும் காக்கப்படவில்லை. படையெடுப்பைக் காரணம் காட்டும் பொதுவழக்கு, இவ்வளவு அண்மைய, இவ்வளவு தெளிவான சான்றுடைய அழிவைச் சற்று மறைத்துவிடுகிறது. அணை நீர் வயலுக்குப் பாய்ந்தது என்பதும் உண்மை. ஆய்வாளர் இரண்டையும் எழுத வேண்டும்.

கல் வெளியிலிருந்து வந்தது. சுண்ணாம்பு இங்கேயே இருந்தது. கற்றளிகளின் சுவர்க்கற்கள் பெரும்பாலும் காரையின்றித் தம் எடையாலேயே நிற்பவை. ஆனால் மேல்தளத்துக் காரை, செங்கல் விமானம், சுதைவேலை ஆகியவற்றுக்குச் சுண்ணாம்பே உயிர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் அரைத்த காரை, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஈர்த்து மீண்டும் சுண்ணாம்புக்கல்லாகிறது. அது ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். சுவர் சற்று அசைந்தால் தானும் இசைந்து கொடுக்கும். இன்று அதே சுண்ணாம்புக்கல், அரியலூரிலும் ரெட்டிபாளையத்திலும் ஆலத்தியூரிலும் சிமெண்ட் ஆலைகளுக்குள் செல்கிறது. சிமெண்ட் பழங்கட்டடத்திற்கு ஒவ்வாதது. பழைய செங்கல்லைவிட அது வன்மையானது, ஈரத்தை வெளிவிடாது. அடைபட்ட ஈரம் கல்லின் வழியே வெளியேறும்போது உப்புப் பூத்து மேற்பரப்பை உரிக்கிறது. கல்வெட்டு இருப்பது அந்த மேற்பரப்பில்தான். எழுத்தை மட்டும் காத்தால் போதும் என்று எண்ணுபவரும் காரையைக் கற்க வேண்டிய இடம் இது.

5. திருப்பணியும் பதிப்புப் பணியும்

பாதுகாப்பு நெறிகளைக் குறித்துப் பேசும்போது எழும் மறுப்பு ஒன்று வலுவானது. அதை எளிதில் ஒதுக்கலாகாது. வெனிசு சாசனமும், அதற்கு முந்திய சான் மார்ஷலின் 1923ஆம் ஆண்டுக் கையேடும் வழிபாடற்ற நினைவுச்சின்னங்களை மனத்திற்கொண்டவை. நம் கோயிலோ வழிபாட்டிலுள்ளது. ஆகமம் சீர்ணோத்தாரணத்தை விதிக்கிறது. கல்வெட்டுகள் பழுதுபார்ப்புக்கென விடப்பட்ட நிலத்தைப் புதுக்குப்புறம் என்றே வழங்கும். புதுக்குதல் நம் மரபில் குற்றமன்று, கடமை. சப்பானின் இசே கோயில் இருபதாண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்பெறுகிறது. 1994ஆம் ஆண்டின் நாரா ஆவணம், உண்மைத்தன்மையை அந்தந்தப் பண்பாட்டுக்குள்ளிருந்து மதிப்பிட வேண்டும் என ஏற்றுக்கொண்டது. எனவே கற்றச்சரின் கைத்திறன் தொடர்வதே மரபு. பழங்கல் தொடர்வதன்று என்பது அம்மறுப்பு.

இவ்வாதம் நிற்க வேண்டுமானால் கைத்திறன் உண்மையில் தொடர வேண்டும். இசேயில் தொடர்வது மரமும் கருவியும் முறையும் ஆகும். நம் திருப்பணிகள் பலவற்றில் சுண்ணாம்பு போய்ச் சிமெண்ட் வந்துவிட்டது. இயந்திரம் அறுத்த பளிங்குப்பலகை தரையை மூடுகிறது. தரை உயர, அதிட்டானத்தின் அடியுறுப்புகள் எழுத்தோடு புதைகின்றன. கல்லைத் தூய்மை செய்யும் பெயரால் மணல் வீச்சு முறை எத்தனையோ கோயில்களில் எழுத்தின் விளிம்பை மழுக்கிய பின்னரே தடைசெய்யப்பட்டது. முறையும் தொடரவில்லை, பொருளும் தொடரவில்லை என்றால் தொடர்வது எது?

வெளிநாட்டுச் சாசனத்தை ஏற்கத் தயங்குவோர்க்கு நம் வீட்டிலேயே ஒரு நெறி உண்டு. அது பதிப்பியல். உ. வே. சாமிநாதையர் தம் இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் வாழ்ந்து தமிழ் கற்றவர். இவ்வட்டாரம் அவர் தன்வரலாற்றில் விரிவாக வருகிறது. அவர் 1894இல் வெளியிட்ட புறநானூற்றில் 267, 268 ஆகிய பாடல்கள் இல்லை. சிதைந்த பாடல்கள் பல, புள்ளியிட்ட இடைவெளிகளோடு நிற்கின்றன. அவற்றை நிரப்பும் புலமை அவருக்கு இல்லாமலில்லை. நிரப்பினால் அது சங்கப்பாடல் ஆகாது என்பதை அவர் அறிந்திருந்தார். ஏடுகளை ஒப்பிடு, வேறுபாட்டைக் குறி, உன் சொல்லை மூலத்தில் கலக்காதே, விடுபட்ட இடத்தை விடுபட்டதாகவே காட்டு என்ற இந்நெறிகள், ஊகம் தொடங்குமிடத்தில் மீட்டமைப்பு நிற்க வேண்டும் என்ற வெனிசு சாசனத்தின் கூற்றோடு சொல்லுக்குச் சொல் பொருந்துவன. மணிமிடைப் பவளமாகப் புதுக்கல்லைப் பழங்கல்லோடு வேறுபாடு தெரியாமல் கலக்கும் திருப்பணி, இடைச்செருகலே அன்றி வேறன்று.

ஒப்புமைக்கு எல்லை உண்டு. ஏட்டின் இடைவெளி எவர் தலையிலும் விழாது. உத்திரத்தின் விரிசல் விழும். 2010 மே 26 அன்று காளத்தியில் கிருட்டிணதேவராயர் காலத்து இராசகோபுரம் சரிந்தது. அதுபோன்ற நிகழ்வைத் தடுக்கப் பதிப்பாசிரியரின் கண் மட்டும் போதாது. கட்டுமானப் பொறியாளரின் கணிப்பும் வேண்டும். கட்டடப் பாதுகாப்பு ஒரு துறைக்குள் அடங்காமைக்குக் காரணம் இதுவே.

6. யார் கற்பிப்பது, யார் கற்பது

நீதிமன்றத்தின் தலையீட்டைத் தொடர்ந்து 2017இல் யுனெஸ்கோ குழு தமிழ்நாட்டுக் கோயில்கள் சிலவற்றைப் பார்வையிட்டு அளித்த அறிக்கை, அறநிலையத் துறையிடம் தகுதிபெற்ற பாதுகாப்பு வல்லுநர்கள் போதிய அளவில் இல்லை என்பதைச் சுட்டியது. 2021 சூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்றம் கோயில்களையும் மரபுக் கட்டடங்களையும் காக்க 75 வழிகாட்டு நெறிகளை வகுத்தது. வல்லுநர் வேண்டும் என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. அவ்வல்லுநர் எந்த வகுப்பறையிலிருந்து வருவார் என்பதே வினா.

வகுப்பறைகள் இல்லாமலில்லை, அவை தனித்தனித் தீவுகள். புது தில்லித் திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளி கட்டடப் பாதுகாப்பில் முதுநிலைப் பட்டம் தருகிறது. அதில் சேரக் கட்டடக்கலைப் பட்டம் வேண்டும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் மரபுக் கட்டடங்களின் பாதுகாப்புக்கான தேசிய மையம் இயங்குகிறது. அங்குப் பொறியியலே வாயில். மாமல்லபுரத்து அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி 1957 முதல் மரபுக் கற்றச்சர்களை உருவாக்கி வருகிறது. அங்குப் புதிதாகக் கட்டுவதே முதன்மைப் பாடம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலும் கட்டடக்கலையும் ஒரே வளாகத்தில் உள்ளன. இணைப்புக்கு மிகப் பொருத்தமான இடம் அது. கல்வெட்டைப் படிக்கத் தெரிந்தவருக்குச் சுமையின் கணக்குத் தெரியாது. கணக்குத் தெரிந்தவருக்குப் புதுக்குப்புறம் என்ற சொல் தெரியாது. உளி பிடிக்கத் தெரிந்தவரை இருவரும் நூலின் நன்றியுரையில் மட்டுமே சந்திக்கின்றனர்.

தமிழ்த்துறை ஆய்வாளர் பொறியாளர் ஆக வேண்டியதில்லை. அவர் செய்யக்கூடிய, பிறரால் எளிதில் செய்யமுடியாத பணி ஒன்று உண்டு. ஒவ்வொரு கட்டடத்திற்கும் பழுதுபார்ப்பு வரலாறு எழுதுவதே அது. திருப்பணியைக் குறிக்கும் கல்வெட்டுகள், தொல்லியல் துறையின் ஆண்டறிக்கைகள், கோயில் அலுவலகத்து மதிப்பீட்டுக் கோப்புகள், ஊரில் முந்தைய குடமுழுக்கில் வேலை செய்த கொத்தனாரின் வாய்மொழி ஆகிய அனைத்தும் தமிழறிந்த ஆய்வாளரால் திரட்டக்கூடியவை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஒளிப்படக் காப்பகத்தில் 1956 முதல் திரட்டப்பெற்ற ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன; அவற்றுள் கோயில்களே பெரும்பகுதி. அறுபது ஆண்டுக்கு முன் எடுத்த ஒரு படத்தோடு கீழையூரிலோ கோவிந்தபுத்தூரிலோ அதே இடத்தில் நின்று இன்று எடுத்த படத்தை ஒப்பிட்டால், தளம் எவ்வளவு உயர்ந்தது, எந்த உறுப்பு மறைந்தது, எந்தக் கல் மாறியது என்பது அளவோடு தெரியும். பாட வேறுபாடு காணப் பழகிய கண்ணுக்கு இது புதிய பயிற்சி அன்று.

இதற்கு முதல் தடை, பல்கலைக்கழக விதிகளில் இல்லை. நெறியாளர் தரும் இயல் பகுப்பில் உள்ளது. ‘கட்டடக்கலை’ என்ற இயலை அடுத்துப் ‘பழுதும் பழுதுபார்ப்பும்’ என ஓர் இயலைக் கோருவதற்கு எந்தக் குழுவின் ஒப்புதலும் வேண்டியதில்லை. ஆய்வாளர் தாமே அளந்த ஒரு நிலைப்படத்தையும் நாளிட்ட ஒளிப்படங்களையும் ஆய்வேட்டோடு நூலகத்தில் ஒப்படைக்கச் செய்வதும் அவ்வாறே. வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் கேட்கும் வினாக்களில் ஒன்று, இக்கோயிலின் கடைசித் திருப்பணி எந்த ஆண்டு நடந்தது, அதில் என்ன மாற்றப்பட்டது என்பதாக இருக்கலாம்.